டைல்ஸுக்குப் பின்னால்

எங்கள் கீழ்வீட்டு மக்சிக் வருசா வருசம் நோன்புப் பெருநாளுக்கு ஒரு டப்பா நிறைய குவே கொண்டுவந்து தருவார். தீபாவளிக்கு அம்மா அதே டப்பாவில் முறுக்கும் அச்சுமுறுக்கும் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். 2008-ல் மக்சிக் வரவில்லை. அந்தத் தீபாவளிக்கு அம்மாவும் கீழே போகவில்லை. காரணம் எங்கள் குளியலறை.

ஈசூனில் 1985-ல் கட்டிய புளோக் எங்களுடையது. குளியலறைத் தரையில் கட்டைவிரல் அளவுக்குச் சின்னச் சின்ன மொசைக் பதித்திருக்கும். அக்காவின் கல்யாணத்துக்கு ஜொகூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து தங்குவார்கள் என்று அப்பா அதை மாற்ற முடிவு செய்தார். வந்த குத்தகைக்காரர், “உடைச்சா தூசி, சத்தம், செலவு. பழசு மேலேயே புதுசு ஒட்டிரலாம்” என்றார். மூன்றே நாளில் வெள்ளை வெளேரென்று டைல்ஸ். கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் குளியலறையைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு அப்போது பதினோரு வயது. நானும் பெருமையாகத்தான் இருந்தேன்.

நாலு மாதம் கழித்து மக்சிக் கதவைத் தட்டி, “அதாஸ் போச்சோர்” என்றார். மேலே ஒழுகுது. அப்பா இறங்கிப் போய்ப் பார்த்தார். மேற்கூரையில் குழாயைச் சுற்றித் தேத்தண்ணி கொட்டின மாதிரி ஒரு கறை, சாயம் உப்பி நிற்கிறது. திரும்பி வந்து அம்மாவிடம், “நம்ம டைல்ஸு புதுசு. எப்படி ஒழுகும்? அவங்க வீட்டுப் பைப்பா இருக்கும்” என்றார். பழைய வீவக வீடுகளில் மேல்வீட்டுக் கழிவுநீர்க் குழாய் கீழ்வீட்டுக் கூரைக்கு அடியில்தான் தொங்கும். அதாவது ‘அவங்க வீட்டுப் பைப்பு’ எங்கள் பைப்பு. அது அப்பாவுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

மறுவருசம் ஒரு ராத்திரி மக்சிக் வீட்டுக் கூரையிலிருந்து உள்ளங்கை அளவு கான்கிரீட் பெயர்ந்து வாளிக்குள் விழுந்தது. ஒழுகும் இடத்தில் அவர் வைத்திருந்த வாளி. யாருக்கும் அடி இல்லை. அதற்குப் பிறகுதான் அப்பா ஒன்றும் பேசாமல் ஆள் கூப்பிட்டு எல்லாவற்றையும் உடைத்தார். உடைத்தபோது டைல்ஸுக்கு அடியில் இருந்த மண் கலவையிலிருந்து தண்ணீர் கையில் ஒட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்த வருசம் மக்சிக் உட்லண்ட்ஸில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

இப்போது நான் கட்டுமானத் துறையில் பொறியாளன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருசம் படித்ததில் குளியலறைச் சுவரைப் பற்றி ஒரு மணி நேரம்கூட யாரும் பேசவில்லை. பாலம் பேசினோம், சுரங்கம் பேசினோம். வேலைக்கு வந்த பிறகு, வீடு வாங்கியவர்கள் எங்களைத் தேடி வருவது பெரும்பாலும் பாலத்துக்காக அல்ல, தண்ணீர்க் கறைக்காகத்தான் என்று தெரிந்தது. அதிலிருந்து இதன் வரலாற்றைத் துண்டு துண்டாகப் படிக்க ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்தத் துண்டுகள்தான்.

முதலில் அப்பாவின் கேள்விக்குப் பதில். புது டைல்ஸ் ஏன் ஒழுகுகிறது? டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கிற பொருள் இல்லை என்பதால். மெருகிட்ட ஓட்டின் முகம் தண்ணீரை விடாது, உண்மைதான். ஆனால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் இருப்பது சிமெண்ட் கிரவுட். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அந்த வழியாக ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் கொஞ்சமாய் நீர் உள்ளே போகும். அடியில் இருக்கும் ஸ்கிரீட் அதைப் பஞ்சு மாதிரி பிடித்துவைத்துக்கொள்ளும். அதற்கும் அடியில், கான்கிரீட்டுக்கு மேலே, ஒரு மெல்லிய தோல் இருக்க வேண்டும். மெம்பிரேன். உண்மையில் தடுப்பது அதுதான். எங்கள் வீட்டில் இருபது வருசத்துக்கு முந்தைய தடுப்பு ஏற்கெனவே சோர்ந்து போயிருந்தது. அதை அப்படியே உள்ளே வைத்து மேலே புதுச்சட்டை போட்டுவிட்டார்கள்.

கான்கிரீட் ஏன் விழுந்தது என்பது இன்னொரு கதை. காற்றிலிருக்கும் கரியமில வாயு பல வருசமாகக் கான்கிரீட்டுக்குள் ஊறி அதன் காரத்தன்மையைக் குறைக்கிறது. அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. அது போன இடத்தில் ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கான்கிரீட்டைத் தள்ளும். பழைய வீடுகளில் குளியலறைக் கூரையும் சமையலறைக் கூரையும்தான் முதலில் உதிர்வதற்கு இதுதான் காரணம்.

இந்தத் தோல் எவ்வளவு பழைய யோசனை என்று தேடிப்போனால் மொகஞ்சதாரோவில் போய் முட்டுகிறோம். பெருங்குளியல் குளம் என்று பள்ளிக்கூடத்தில் படமாகப் பார்த்திருப்போம். சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். படத்தில் தெரிவது செங்கல். தெரியாமல் இருப்பதுதான் விசயம். நெருக்கமாக அடுக்கிய செங்கலை ஜிப்சம் சாந்தால் ஒட்டி, அந்தச் சுவருக்குப் பின்னால் சுமார் ஓர் அங்குலம் கனத்துக்கு நிலக்கீல் பூசி, அதற்கும் பின்னால் இன்னொரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பார்ப்பதற்கு ஒரு பரப்பு, தடுப்பதற்கு ஒரு பரப்பு. நாலாயிரம் வருசத்துக்கு முன் பிரித்துப் புரிந்துகொண்டதை எங்கள் குத்தகைக்காரர் ஒன்றாகக் குழப்பிவிட்டார்.

ரோமானியக் கட்டடக்காரர் விட்ருவியஸ் தன் ஏழாவது நூலில் ஈரமான அறைகளுக்குத் தனியாக ஓர் அத்தியாயமே வைத்திருக்கிறார். தரையிலிருந்து சுமார் மூன்றடி உயரம்வரை மணல் கலந்த சாந்து வேண்டாம், உடைத்த ஓட்டுத்தூள் கலந்த சாந்து பூசு என்கிறார். சுவர் முழுக்க ஈரமா? அப்படியென்றால் கொஞ்சம் தள்ளி இன்னொரு மெல்லிய சுவர் கட்டு, இடையில் தண்ணீர் வடிய வாய்க்கால் விடு, காற்றோட்டத்துக்குத் துளை வை என்கிறார். எனக்கு இதில் பிடித்தது, தண்ணீர் உள்ளே வரும் என்பதை அவர் ஒத்துக்கொள்வதுதான். வந்தால் எங்கே போகும் என்பதுதான் அவர் கேள்வி. நம் தளங்களில் பாதிப் பேர் தண்ணீர் வரவே வராது என்ற நம்பிக்கையில் வேலை செய்கிறோம்.

ஓட்டுத்தூள் சாந்து நமக்கும் புதிதல்ல. சுண்ணாம்போடு செங்கல் தூள், கடுக்காய், வெல்லம் சேர்ப்பது தமிழ்நாட்டுக் கொத்தனார்களின் பழைய கைவேலை. அந்தக் கைவேலை சிங்கப்பூருக்குக் கப்பலில் வந்தது, அதுவும் காலில் விலங்கோடு. 1825 முதல் 1873 வரை வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து இந்த ஊரைக் கட்டவைத்தார்கள். சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்தால் வெள்ளையாக நிற்கிறதே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், அது அவர்கள் கட்டியதுதான். வரைந்தவர் ரொனால்ட் மேக்பெர்சன். 1856-ல் அடிக்கல், 1862-ல் புனிதப்படுத்தல். கைதிகளை மேற்பார்த்த மேக்நேர் பின்னாளில் எழுதிய புத்தகத்தில், உட்சுவருக்குப் பூசிய ‘மெட்ராஸ் சுனாம்’ எப்படிச் செய்தார்கள் என்று சமையல் குறிப்பு மாதிரி விவரித்திருக்கிறார். மணல் கிடையாது. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம். எல்லாவற்றையும் அடித்துப் பசையாக்கி, தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீரில் கலக்க வேண்டும். காய்ந்த பிறகு படிகக் கல்லாலோ உருண்டைக் கல்லாலோ தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இடையிடையே மாக்கல் தூள் தூவ வேண்டும். கண்ணாடி மாதிரி பளபளக்கும்வரை.

இங்கே ஒரு குழப்பம் வரக்கூடாது. தேவாலயம் குளியலறை இல்லை. அந்தப் பூச்சு அழகுக்காகத்தான். ஆனால் தேய்த்துத் தேய்த்து மேற்பரப்பின் துளைகளை நெருக்கி மூடுவதுதான் அதன் நுட்பம். பார்க்கிற பரப்பும் தடுக்கிற பரப்பும் ஒன்றாகவே இருந்த கடைசிக் காலம் அது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு ஒரு விலை உண்டு. எத்தனை மனித மணி நேரம்! கூலி இல்லாத கைதி இருந்தால்தான் சுவரை அத்தனை நாள் தேய்க்க முடியும். வரைந்தவர் பெயரை நான் மேலே எழுதியிருக்கிறேன், பாருங்கள். தேய்த்தவர்களின் பெயர் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

பிறகு நூறு வருசத்தில் பெரிய மாற்றம் பூச்சில் நடக்கவில்லை. குளியலறை இருந்த இடத்தில் நடந்தது. என் பாட்டி கூலாய் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். குளிப்பது வெளியே, பைப்படியில். தண்ணீர் மண்ணுக்குப் போகும், வாழைக்குப் போகும். ஒழுகல் என்ற சொல்லே கூரைக்கு மட்டும்தான். சிங்கப்பூரிலும் கம்பத்து வீடுகளில் அப்படித்தான். மலத்தை வாளியில் எடுத்துப்போகும் முறை இங்கே 1987-ல்தான், லோரோங் ஹாலுஸில், முற்றாக ஒழிந்தது என்பதை என் வயதுக்காரர்கள் நம்ப மாட்டார்கள். அப்பா நம்புவார்.

1960-ல் வீவக தொடங்கியது. முதல் ஐந்து வருசத்தில் 50,000-க்கும் மேல் வீடுகள். 1980களின் நடுவில் இந்த நாட்டில் ஐந்தில் நான்கு பேர் வீவக வீட்டில். இதை நாம் எப்போதும் வீட்டுவசதியின் வெற்றிக் கதையாகச் சொல்கிறோம். சரிதான். நான் அதை வேறு கோணத்தில் பார்க்கிறேன். ஒரு தலைமுறைக்குள் லட்சக்கணக்கான குடும்பங்களின் குளியல் மண்ணுக்கு மேலிருந்து இன்னொரு குடும்பத்தின் தலைக்கு மேல் போய்விட்டது. பழக்கம் மட்டும் மாறவில்லை. நம்ம வீட்டிலும் மலாய்க்காரர் வீட்டிலும் வாளியில் மொண்டு ஊற்றிக் குளிப்பார்கள், அங்கேயே துணி துவைப்பார்கள், தரை முழுக்கத் தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள். மேல்நாட்டுக் கையேடுகளில் ஷவர் நிற்கும் மூலையை மட்டும் ஈரப்பகுதி என்று கோடு போட்டிருப்பார்கள். நமக்கு அறை முழுக்க ஈரப்பகுதிதான். அதைப் புரிந்துகொள்ளாமல் மூலைக்கு மட்டும் பூசினால் மக்சிக் கதைதான் நடக்கும்.

இப்போது தளத்தில் நாங்கள் பூசும் மெம்பிரேனுக்கு வருகிறேன். இந்தப் பகுதியை எழுதத்தான் கட்டுரையையே தொடங்கினேன். அது இரண்டு பொட்டலமாக வரும். ஒன்று சிமெண்ட் தூள். இன்னொன்று பால். வெள்ளை வெளேரென்று, கொஞ்சம் கொழகொழப்பாக. முதல்முறை அதை வாளியில் ஊற்றியதைப் பார்த்தபோது எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. பாட்டி பால்மரம் வெட்டியவர். அந்தப் பால் எங்கிருந்து வந்தது என்று தேடினால், பாட்டி ஞாபகம் வந்ததில் தப்பே இல்லை.

முதல் உலகப்போருக்குப் பின் ரப்பர் விலை படுத்துவிட்டது. 1922-ல் பிரிட்டிஷார் ஸ்டீவன்சன் திட்டம் கொண்டுவந்து மலாயாவிலும் இலங்கையிலும் உற்பத்தியைக் கட்டுப்படுத்தினார்கள். உலக ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து போன காலம். மரத்தடியில் நின்றவர்களில் பாதிக்கு மேல் நம்ம ஆளுங்க. அதே வருசங்களில் ரப்பர்பாலை வேறு எதில் கலக்கலாம் என்று ஐரோப்பாவில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். 1923-ல் கிரெசன் என்பவர் ஒரு காப்புரிமை எடுத்தார். பாதை போட ரப்பர்பால், அதில் நிரப்புப் பொருளாகச் சிமெண்ட். மறுவருசமே லெஃபெபூர் என்பவர் கணக்கைத் திருப்பிப் போட்டார். சிமெண்ட்தான் முக்கியம், அதில் அளந்து ரப்பர்பால் சேர். இன்றைய மெம்பிரேனின் கொள்ளுத்தாத்தா அதுதான். சிமெண்ட் மட்டும் என்றால் கடினம், ஆனால் வெடிக்கும். பாலில் இருக்கும் நுண்துகள்கள் காயும்போது ஒன்றோடொன்று ஒட்டி, சிமெண்டின் துளைகளுக்குள் ஒரு மெல்லிய படலமாகப் படிந்துவிடும். கொஞ்சம் நெளியும், தண்ணீரை விடாது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. தென்கிழக்காசியாவின் ரப்பர் ஜப்பானியர் கைக்குப் போனது. அமெரிக்கர்கள் அவசர அவசரமாகச் செயற்கை ரப்பரைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கினார்கள். ஸ்டைரீனும் பியூட்டாடையீனும் சேர்ந்தது. போருக்குப் பின் அந்தச் செயற்கைப் பால் சிமெண்டுக்குள் புகுந்தது, பின்னால் அக்ரிலிக் பால்களும் வந்தன. எங்கள் தளத்து ஸ்டோரில் அடுக்கியிருக்கும் கேன்களில் ‘எஸ்பிஆர்’ என்று எழுதியிருக்கும். அது ஸ்டைரீன்-பியூட்டாடையீன் ரப்பர்தான். தாத்தா சாப்பாட்டுக்கு மரவள்ளிக்கிழங்கு தோண்டிய அந்த மூன்றரை வருசத்தின் பிள்ளை, ஒரு பிளாஸ்டிக் கேனில் உட்கார்ந்திருக்கிறது. பாட்டி உயிரோடு இருந்தால் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, “இது பாலே இல்ல” என்று சொல்லியிருப்பார்.

பூசுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பார்க்க எளிது. சுவரைச் சமமாக்க வேண்டும். தூசி, எண்ணெய், உதிரும் சாந்து எதுவும் இருக்கக்கூடாது. சுவரும் தரையும் சேரும் மூலை கூராக இருந்தால் தோல் அங்கேதான் கிழியும். அதனால் சாந்து வைத்துச் சரிவாக மழுக்க வேண்டும். மூலையிலும் குழாய் வரும் இடத்திலும் கண்ணாடி இழை வலை. முதல் பூச்சு நெடுக்காக, அது காய்ந்த பிறகு இரண்டாம் பூச்சு குறுக்காக. ஷவர் பக்கம் நாங்கள் 1800 மிமீ வரை ஏற்றுவோம். விட்ருவியஸின் மூன்றடிக்கு இரண்டு மடங்கு. அவர் காலத்தில் தலைக்கு மேலிருந்து தண்ணீர் கொட்டவில்லை. அப்புறம் ஃபுளோர் டிராப்பை அடைத்து, தண்ணீர் நிரப்பி, 24 மணி நேரம் விட்டு, கீழ்த்தளத்துக் கூரையைப் பார்க்க வேண்டும்.

எங்கள் தளத்தில் இதைப் பூசும் அண்ணன் புதுக்கோட்டைக்காரர். பதினாலு வருசமாக சிங்கப்பூரில் இருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவரிடம், “மூலைக்கு வலை வைக்கலேன்னா என்னண்ணே ஆகும்?” என்று கேட்டேன். பிரஷ்ஷை எடுக்காமலே சொன்னார்: “ஒண்ணும் ஆகாது சார். ரெண்டு கோட்டு அடிச்சா ஒரு வருசம் தாங்கும். அதுக்கப்புறம் நீங்களும் இந்த சைட்ல இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன்.” புது கொண்டோவில் குறைகளைக் கட்டியவர் சரிசெய்து தர வேண்டிய காலம் பன்னிரண்டு மாதம். அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. இருந்தும் அவர் வலை வைத்துத்தான் பூசினார்.

நான் அவ்வளவு சரியாக இருக்கவில்லை. அந்த முதல் வருசத்தில் ஒருநாள், ஆறு குளியலறைகளுக்குத் தண்ணீர் நிரப்பி முந்தின நாள் மாலை விட்டிருந்தோம். மறுநாள் காலை டைல்ஸ் ஆட்கள் வந்து நின்றார்கள். அட்டவணை ஏற்கெனவே பிந்தியிருந்தது. பதினேழு மணி நேரம் ஆகியிருந்தது, கீழே கறை எதுவும் இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. “ஓகேதானே?” என்று மட்டும் கேட்டார்கள். படிவத்தில் 24 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. குழாயைத் திறந்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஆறு வீட்டுக்குக் கீழே இன்று யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

சட்டம் இந்த விசயத்தில் பிந்தித்தான் வந்தது, வந்தபோது மேல்வீட்டுக்காரரைப் பார்த்துக் கைநீட்டியது. சிங்கப்பூரில் தனியார் அடுக்குமாடிகளுக்கான 2004 சட்டம், கூரையில் ஈரம் கண்டால் கோளாறு மேல்வீட்டில்தான் என்று முதலில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. இல்லை என்றால் மேல்வீட்டுக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். மலேசியாவில் 2013 சட்டத்தின் கீழ் வந்த 2015 விதிகளும் அதே மாதிரிதான். வீவக வீடுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே வேறு ஏற்பாடு. பழுது பார்க்கும் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும், மீதியில் மேல்வீடு கால், கீழ்வீடு கால். கீழ்வீட்டுக்காரர் ஏன் கட்ட வேண்டும் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. நடுவில் இருக்கும் பலகை இருவருக்கும் பொது என்பது வாதம். ஒருவருக்குத் தரை, இன்னொருவருக்குக் கூரை. பொறியாளனாக ஒத்துக்கொள்கிறேன். மக்சிக்கின் வாளியை நினைத்தால் முடியவில்லை. புது வீவக வீடுகளில் முதல் மூன்று வருசம் குளியலறைத் தரையையோ சுவரையோ பெயர்க்கவே கூடாது என்ற விதியும் இருக்கிறது. புதுமனைக்காரர்கள் இதைத் திட்டுவார்கள். அந்த விதி காப்பாற்றுவது டைல்ஸை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் தோலை.

இப்போது குளியலறையே முழுசாகத் தொழிற்சாலையில் தயாராகி, டைல்ஸ் ஒட்டி, சோதித்து, லாரியில் வந்து, கிரேனில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. 2014 முதல், அரசு விற்கும் குடியிருப்பு நிலங்களில் கட்டுவதற்கு இது கட்டாயம். நல்லதுதான். அண்ணன் மாதிரி ஆட்கள் இனி அந்தப் பெட்டிகள் சேரும் இடுக்குகளை மட்டும் பார்த்துக்கொள்வார்கள்.

பழைய புளோக்குக்கு அது உதவாது. போன வருசம் எங்கள் புளோக்கில் வீட்டு மேம்பாட்டுத் திட்டத்துக்கு வாக்கெடுத்து, வேலை தொடங்கினார்கள். குளியலறை மாற்றுவது அதில் விருப்பத்துக்குரியது. அப்பா வேண்டாம் என்றார். “நான் ரெண்டு தடவை பண்ணியாச்சு.” அம்மாதான் கையெழுத்துப் போடவைத்தார். இந்தத் தடவை உடைத்தார்கள், பூசினார்கள், தண்ணீர் நிரப்பினார்கள். அன்றைக்கு நான் லீவு போட்டிருந்தேன். அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு போய், சுவரில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் மணியையும் எழுதினார். ராத்திரி மூன்று தடவை எழுந்து டார்ச் அடித்துப் பார்த்த சத்தம் கேட்டது.

காலையில் தண்ணீர் கோட்டுக்கு ஒரு நூல் கீழே இருந்தது. “ஆவியாப் போயிருக்கும்ப்பா, அவ்வளவு குறையும்” என்றேன். அப்பா நம்பவில்லை. “நீ கீழ போய்ப் பாத்துட்டு வா” என்றார்.

கீழ்வீட்டில் இப்போது இருப்பது ஓர் இளம் சீனத் தம்பதி. விசயத்தைச் சொன்னதும் உள்ளே விட்டார்கள். குளியலறைக் கூரையில், குழாய்க்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவு இடம் மட்டும் வேறு வெள்ளையாக இருந்தது. மக்சிக் காலத்துப் பூச்சு. ஸ்டூல் மேல் ஏறிக் கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மணி பார்த்தேன். இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. மத்தியானம் மறுபடி வரலாமா என்று அவர்களிடம் கேட்டேன்.